சலானோடு நடந்த நாய்

எங்கள் எதிர்வீட்டு மகுடேஸ்வரன் அண்ணாச்சியை யாராவது சோம்பேறி என்று சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். இருபது வருஷமாக அவருடைய பனியன் கம்பெனிக்குப் பிசிர் வெட்டிக் கொடுப்பவள் நான். அடுத்தவர் சரக்கு என்றால் அந்த மனுஷன் சாப்பாட்டை மறந்துவிடுவார். நாளைக்குத் தருகிறேன் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் நாளைக்குச் சரக்கு வாசலில் இருக்கும். தன் உடம்பு, தன் பல்வலி, தன் வீட்டுக் குழாய் என்று வந்தால் மட்டும் அந்த நாளை வரவே வராது. தெய்வாத்தாள் மதினி, அதாவது அவர் சம்சாரம், குளியலறைக் குழாய் சொட்டுவதைச் சொல்லிச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.

எங்கள் ஊரில் ஒரு பனியன் ஒரே கூரைக்கு அடியில் பிறப்பதில்லை. நூலைத் துணியாக்க ஒரு இடம், சாயம் போட ஒரு இடம், வெட்ட ஒரு இடம், தைக்க ஒரு இடம். கடைசியில் மீந்து தொங்கும் நூல் பிசிரை வெட்ட என் வீடு. ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் ஒரு சலான் போடுவார்கள். யார் கொடுத்தது, என்ன பொருள், எத்தனை, என்ன வேலை, யார் திரும்பப் பெற்றது என்று அதில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இப்படி வெளியே கொடுத்துச் செய்வதற்குப் பெயர் ஜாப் ஒர்க். அண்ணாச்சிக்கு இது ரத்தத்திலேயே ஊறிய விஷயம். எந்த வேலையைப் பார்த்தாலும் இதை யாரிடம் கொடுக்கலாம் என்றுதான் முதலில் யோசிப்பார்.

அவர் வீட்டு நாயின் பெயர் லைக்ரா. நான்கு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மூட்டையை அவிழ்த்தபோது, உள்ளே பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணித் துண்டுகளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு குட்டி கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தது. அப்போது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்ஷரா, அவர்களுடைய ஒரே மகள், அதை மடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். படுத்தால், இழுத்தால் நீளும் லைக்ரா துணி மாதிரி ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நீளுகிறானே என்று அவள் வைத்த பெயர் அது. நாய் உள்ளே வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று அண்ணாச்சி சபதமெல்லாம் போட்டார்.

சபதம் ஒரு மாதம் தாங்கியது. அப்புறம் சாயங்காலம் அவர் சோபாவில் உட்காருவார், அவர் பாதத்தின் மேல் லைக்ரா உட்காருவான். வெளிநாட்டுக்காரன் எந்தத் தையலைக் குறை சொன்னான், சாயப்பட்டறையில் எந்த நிறத்தைக் கெடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் நாயிடம் ஒப்பிப்பார். மதினிக்கு அது சீரியல் நேரம், மகளுக்குக் கைபேசி நேரம். லைக்ரா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்பான்.

போன ஜூனில் அக்ஷராவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அதே மாதம் டாக்டர் அண்ணாச்சியின் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, தினம் முக்கால் மணி நேரம் நடக்காவிட்டால் ஊசிதான் என்று சொல்லியிருந்தார். அக்ஷரா கெட்டிக்காரி. கிளம்புகிற அன்று பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, வீதியே கேட்கும்படி சொன்னாள்.

“ப்பா, தெனமும் காத்தால லைக்ராவ நீங்கதான் நடக்கக் கூட்டிட்டுப் போகோணும். முழுசா முக்கா மணி நேரம். ஆள உட்டுப் பண்ணுனீங்கன்னு தெரிஞ்சுதுன்னா, பொங்கலுக்கு வாரப்ப நானே பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

“போ கண்ணு. நாய நடத்தறதென்ன, ஷிப்மெண்ட் அனுப்பறதா? பண்ணிப்போடலாம்” என்றார் அண்ணாச்சி.

மறுநாளே கிளம்பினார். கடையில் நாய்ச் சங்கிலி விற்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கம்பெனியில் ஜட்டி இடுப்புக்குப் போடுகிற எலாஸ்டிக் ரோல் ரோலாகக் கிடக்கும்போது சங்கிலி எதற்கு? மூன்று மீட்டர் வெட்டி, இரண்டு முனையையும் மெஷினில் நாலு ஓட்டு ஓட்டி, கைப்பிடியும் கழுத்துப்பட்டையும் தைத்துக்கொண்டு வந்தார். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன்.

“பாத்தீங்களா அம்மணி, கைக்கு வலியே இல்லீங்க” என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து பேக்கரி மூலையில் ஒரு பூனை குறுக்கே போனது. லைக்ரா ஓடினான். எலாஸ்டிக் நீண்டது. நாய் பேக்கரியை எட்டும் வரை அண்ணாச்சி நின்ற இடத்திலேயே புன்னகையோடு நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேல் நீள எலாஸ்டிக்கில் ஒன்றும் மீதியில்லை. ஐம்பத்து மூன்று வயது மனுஷர், வேட்டியோடு, பால் வண்டியைத் தாண்டி அப்படிப் பறந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பேக்கரிக்காரர் இறக்கி வைத்திருந்த மைதா மூட்டை மேல் விழுந்ததால் பல் தப்பித்தது.

முழங்கால் வலி என்று நாலு நாள் போனது. அப்புறம் கயிறு வாங்கினார், ஆனால் மழை. மழை நின்றால் ஷிப்மெண்ட். ஷிப்மெண்ட் முடிந்தால் ஆடிட். லைக்ரா கேட்டுக்கு உள்ளே நின்று கம்பி வழியாக வீதியைப் பார்ப்பான். எனக்குப் பாவமாக இருக்கும். ஆனால் முதலாளியை நான் எப்படிக் கேட்பது?

அண்ணாச்சிக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் வாரத்தில் விட்டுப்போன வேலையை ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை ஷிப்ட் ஓட்டிப் பிடித்துவிடுவார்கள். அதையே நாய்க்கும் செய்தார். ஆறு நாள், நாளுக்கு முக்கால் மணி, ஆக நாலரை மணி நேரம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லைக்ராவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது மணி நேரத்தில் அவிநாசி ரோட்டு பஸ் ஸ்டாப் நிழலில் நாய் படுத்துவிட்டது. பக்கத்தில் அவரும் உட்கார்ந்துவிட்டார். கம்பெனி டெம்போ போய்த்தான் இரண்டு பேரையும் துணி பண்டல் மேல் ஏற்றிக்கொண்டு வந்தது. இறங்கும்போது யார் யாரைப் பிடித்து இறக்கினார்கள் என்று சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் பிசிர் பண்டல் கொடுக்க வந்தவர் தயங்கித் தயங்கி நின்றார்.

“ஏனுங் அம்மணி, காத்தால பால் வாங்க எப்படியும் போறீங்க. கூட ஒரு சரக்குச் சேத்திக் கொண்டுபோய்ட்டு வந்தா என்னுங்க?”

“என்ன சரக்கு அண்ணாச்சி?”

பாக்கெட்டிலிருந்து சலான் புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். பொருள்: நாய், கறுப்பு. எண்ணிக்கை: 1. வேலை: 45 நிமிடம் நடத்தித் தருதல். குறிப்பு: கால் துடைத்து ஒப்படைக்கவும்.

இருபது வருஷப் பழக்கம். சலானைக் கண்டால் என் கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும். போட்ட பிறகுதான் எதற்குப் போட்டோம் என்று யோசித்தேன். என் வீட்டுக்காரர் மூக்கையா விழுந்து விழுந்து சிரித்தார். “நாய்க்கும் பிசிர் வெட்டிக் குடுக்கணுமாடி?” என்று கேட்டார்.

அதற்கப்புறம் தினம் ஒரு சலான், தினம் ஒரு கையெழுத்து. முதல் வாரம் எனக்கு வேண்டாவெறுப்புதான். நாய் நாலடி போகும், உட்காரும். ஒரு நாள் என் முந்தானையில் ஒட்டியிருந்த ரிப் துணித் துண்டு ஒன்று கீழே விழுந்தது. அதை வாயில் கவ்வினான் பாருங்கள், ராஜா மாதிரி நிமிர்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டான். பிறந்த மூட்டையின் ஞாபகமோ என்னவோ. அன்றிலிருந்து கயிறோடு ஒரு ரிப் துண்டையும் எடுத்துக்கொள்வேன். பால் பூத், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடச் சுவர், திரும்பி வீடு. நான் அருப்புக்கோட்டையிலிருந்து இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில், குனிந்து பிசிர் வெட்டாமல் நிமிர்ந்து நடந்த முக்கால் மணி நேரம் அதுதான். எனக்கு அவன் மேல் உயிராகிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

அக்ஷரா சும்மா இருப்பாளா? தினம் காலையில் போட்டோ அனுப்பச் சொன்னாள், அப்பாவும் நாயும் சேர்ந்து இருக்க வேண்டும் என்றாள். அண்ணாச்சி அதற்கும் வழி கண்டுபிடித்தார். நான் கிளம்பும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருவார், நாய்க்குப் பக்கத்தில் நிற்பார், ஒரு போட்டோ, அப்புறம் மறுபடி போர்வை. மார்கழிக் குளிர் வந்ததும் அதுவும் கஷ்டமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு சட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்.

“வாரத்துக்குண்டானத ஒரே லாட்டா எடுத்துப்போடலாமுங்க” என்றார்.

என் வீட்டுத் துணிக்கொடி மறைவில் நின்று சட்டை மாற்றி மாற்றி வந்தார். நீலம், கட்டம், கோடு என்று ஆறு சட்டைக்கு ஆறு போட்டோ நானே எடுத்துக் கொடுத்தேன். பாவத்தில் பாதி எனக்கும் உண்டு. திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒன்றாக மகளுக்கு அனுப்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் வெட்டிய பண்டலைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கைபேசி ஸ்பீக்கரில் அக்ஷரா பேசிக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ப்பா, திங்கக்கிழமை உங்க காலுக்குப் பக்கத்துல பறங்கிப்பூ வெச்ச கோலம். சனிக்கிழமையும் அதே கோலம், பூவுல அதே எதழு மடிஞ்சிருக்குது. மார்கழில நாகஜோதி அக்கா ஒரு கோலத்த ரெண்டு நாள் போடுவாங்களா?”

கோலம் போட்டவளுக்கே தோன்றாதது பெங்களூரில் இருக்கிறவள் கண்ணில் பட்டுவிட்டது. பனியன் கம்பெனிக்காரர் மகள் அல்லவா, குறை கண்டுபிடிக்கச் சொல்லித் தரவா வேண்டும்?

“அக்காதான நடத்தறாங்க?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பண்டலைப் பார்த்தேன்.

“போகிக்கு வண்டியோட வாறேன்ப்பா. லைக்ராவக் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்குத்தான் அவன் வேண்டாமாட்ட இருக்குதே.”

“அப்படிச் சொல்லாத கண்ணு. அவன் என்னைய உட்டுப்போட்டு ஒரு நாள் இருக்க மாட்டான்” என்றார் அண்ணாச்சி. அவள் வைத்துவிட்டாள்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. நான் கேட்டைத் திறந்துகொண்டு என் வீட்டுக்குத் திரும்பினேன். பின்னால் லைக்ரா ஓடி வந்தான். அண்ணாச்சி தட்டுத்தடுமாறி எழுந்து வந்து கேட்டருகே குனிந்து, “வாடா தங்கம்” என்று கையை நீட்டினார். நாய் அந்தக் கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்தது, யாரோ வீட்டுக்கு வந்தவரை முகர்வது போல. அப்புறம் அவரைச் சுற்றிக்கொண்டு வீதியைக் கடந்து என் கால்மேல் வந்து உட்கார்ந்தது. அவர் பாதத்தின் மேல் எப்படி உட்காருமோ, அப்படியே.

அண்ணாச்சி நீட்டிய கையை மடக்கவில்லை. “வேலைய வெளிய குடுத்தனுங்க. நாயும் சேந்து போயிருச்சுங்க” என்றார். பிறகு மெதுவாக, “அவன் இல்லீன்னா ஊடு ஊடா இருக்காதுங் அம்மணி” என்றார். இருபது வருஷத்தில் அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்தது அன்றைக்குத்தான். என் காலடியில் திருட்டுச் சாமான் கிடப்பது போல எனக்குக் கூசியது.

மறுநாள் ஞாயிறு. விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அண்ணாச்சி மப்ளர் கட்டிக்கொண்டு கயிற்றோடு கேட்டில் நின்றார். லைக்ரா வெளியே வந்தான், நேராக என் வாசலில் வந்து உட்கார்ந்தான், நகரவில்லை. இழுத்தார், கெஞ்சினார், ரஸ்க்கைக் காட்டினார். ரஸ்க்கைத் தின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தான். திங்கட்கிழமையும் இதே கதை. வீதியில் பால் வாங்கப் போகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

அன்றைக்குப் பகலில் நான் ஒரு பை நிறைய ரிப் துண்டுகளைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன்.

“இதை வாயில குடுங்க அண்ணாச்சி, நடப்பான். பால் பூத்து, தண்ணித் தொட்டி, பள்ளிக்கூடச் செவரு. பள்ளிக்கூடத்துக்கிட்ட அவன் நிப்பான், இழுக்காதீக, ரெண்டு நிமிசம் நில்லுங்க. அங்கதான் அவனுக்குச் சோலி.”

“நீங்க?” என்று கேட்டார்.

“நான் பின் சந்து வழியாப் போயிக்கிடுறேன்.”

சொல்வது சுலபம். செவ்வாய்க்கிழமை காலையில் விளக்கைப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அடியில் மூக்கை வைத்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒரு முனகல். வெளியே அண்ணாச்சி, “வா சாமி, வா, என்ற கூட ஒரு நாளைக்கு வந்துதான் பாரு” என்று கெஞ்சுகிறார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அப்புறம் காலடிச் சத்தம் மெல்ல மெல்லத் தள்ளிப் போனது. இரண்டு செருப்பும் நாலு பாதமும் போவதை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு பின் சந்து வழியாகப் பால் வாங்கப் போனேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போனார். எனக்கே நம்ப முடியவில்லை. புது வருஷத்தன்று போனார். ஜலதோஷத்தோடு போனார். ஒரு நாள் ஷிப்மெண்ட் லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, “சித்த பொறுங்க” என்று சைகை காட்டிவிட்டு நாயோடு போனார். எது அவரை எழுப்பியது என்று புரியவில்லை. சட்டைப் பாக்கெட்டில் பேனா செருகிக்கொண்டு போவதை மட்டும் கவனித்தேன். நடக்கப் போகிறவருக்குப் பேனா எதற்கு?

போகியன்று விடியும் நேரம் ஒரு கார் வந்து நின்றது. பெங்களூரிலிருந்து ராத்திரியே கிளம்பி வந்திருக்கிறாள் அக்ஷரா. அப்பாவைப் போர்வைக்குள் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அந்த நேரம். கையில் புது நாய்ச் சங்கிலி. உள்ளே போனவள் இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்து என் கதவைத் தட்டினாள்.

“அக்கா, லைக்ராவ உங்ககிட்டத்தான அனுப்பியிருக்காரு?”

“எங்கிட்ட இல்லை தாயி. அவருதான் கூட்டிட்டுப் போயிருக்காக.”

“அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?”

விறுவிறுவென்று திரும்பிப் போய் சலான் புத்தகத்தோடு வந்தாள். “பாருங்க, உங்க கையெழுத்து, இதுவும் உங்க கையெழுத்து” என்று தாள் தாளாகப் புரட்டினாள். மறுக்க முடியுமா? எல்லாம் என் கோணல் எழுத்துதான். நடுவில் ஒரு தாளில் அவள் விரல் நின்றது. அதற்கு மேல் புரட்டவில்லை. என் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

அண்ணாச்சியின் கையெழுத்து. கொடுத்தவர்: அக்ஷரா. பொருள்: அப்பா, 53 வயது, சர்க்கரை உண்டு. எண்ணிக்கை: 1. வேலை: 45 நிமிடம் நடத்தித் தருதல். ஜாப் ஒர்க் செய்பவர்: லைக்ரா. அடியில் குறிப்பு: பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது, மறுநாள் சரி செய்யப்படும்.

அது செவ்வாய்க்கிழமைத் தாள். அடுத்ததும் அப்படியே. குறிப்பு: இன்று பள்ளிக்கூடம் வரை. அடுத்தது: ஜாப் ஒர்க்காரர் கோபமாக இருக்கிறார், ஆனாலும் வந்தார். அடுத்தது: தொட்டி வரை மூச்சு வாங்கவில்லை. மொத்தம் பதினாறு தாள். எல்லாவற்றிலும் ‘திரும்பப் பெற்றவர்’ என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தன் உடம்பு என்றால் அவருக்கு நாளைக்குத்தான். அடுத்தவர் சரக்கு என்றால் ஒரு நாள் தாமதிக்க மாட்டார். அதனால் தன்னையே மகளுடைய சரக்காக எழுதிக்கொண்டுவிட்டார்.

அக்ஷரா முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. என்னிடம் பேனா கேட்டு வாங்கி, ஒவ்வொரு தாளிலும் காலி இடத்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். பதினைந்தாவது போடும்போது வீதி மூலையில் அண்ணாச்சியின் மப்ளர் தெரிந்தது. வாயில் ரிப் துண்டோடு முன்னால் லைக்ரா.

அவளைக் கண்டதும் துண்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். அவள் மேல் ஏறி, முகத்தை நக்கி, காரைச் சுற்றி ஓடி, என் கையையும் ஒரு நக்கு நக்கிவிட்டு, திரும்பிப் போய்த் துண்டைக் கவ்விக்கொண்டு அண்ணாச்சியின் பாதத்தின் மேல் உட்கார்ந்தான். எனக்கு ஒரு நொடி சுருக்கென்றது. அடுத்த நொடி, அப்பாடா என்றிருந்தது.

அண்ணாச்சி மகளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த சங்கிலியைப் பார்த்தார், கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கூட்டிட்டுப் போறதுக்கு வந்துட்டயா கண்ணு?”

அவள் எழுந்து போய், கயிற்றை அவிழ்த்துவிட்டு, புதுச் சங்கிலியைப் பூட்டி, மறு முனையை அவர் கையில் கொடுத்தாள்.

“அங்க எதுக்குப்பா? என்ற சரக்க இங்க யாரு நடத்தறது?”

அவர் மூக்கை உறிஞ்சினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மாதம் கழித்து வந்த மகளை அணைக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

“சித்த இரு கண்ணு. இன்னும் பத்து நிமிசம் பாக்கி இருக்குது. குறைச்சுக் குடுக்கப்படாது” என்றார்.

லைக்ரா ஏற்கெனவே எழுந்துவிட்டான். இருவரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிப் போனார்கள். பதினாறாவது தாளில் மட்டும் கையெழுத்துப் போடாமல், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்ஷரா என் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சரக்கு இன்னும் வந்து சேரவில்லை.